ஐம்பது ஹெர்ட்ஸ் ஒற்றுமை

2018ஆம் ஆண்டு ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் முதல் வாரத்துக்குள், ஐரோப்பாவின் 25 நாடுகளில் மின்சாரத்தை நம்பி ஓடும் கடிகாரங்கள் ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்தங்கிப்போயின. ஸ்பெயினில் மைக்ரோவேவ் அடுப்பின் ஒளிரும் எண்கள், ஜெர்மனியில் படுக்கையருகே இருக்கும் ரேடியோ அலாரம், போலந்தில் சமையலறை அடுப்பு என எல்லாமே ஒரே அளவு பின்தங்கின. யாரும் அவற்றைத் தொடவில்லை. கைப்பேசி சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்க, அடுப்பு மட்டும் தவறான நேரம் சொன்னது.

காரணத்தைத் தேடிப் போனால் அது கொசோவோவில் கொண்டுபோய் நிறுத்தும். செர்பியாவிடமிருந்து பிரிந்து 2008இல் தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்ட சிறிய நிலப்பரப்பு அது. செர்பியா அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஸ்பெயின், கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் ஆகிய ஐந்து நாடுகள் ஏற்கவில்லை. கொசோவோவின் வடக்குப் பகுதியில் வாழும் செர்பியர்கள் அப்போது கொசோவோ அரசுக்கு மின்கட்டணம் கட்டவில்லை. அவர்கள் செலவழிக்கும் மின்சாரத்துக்கு யார் பொறுப்பு என்பதில் இரு தரப்புக்கும் தகராறு முற்றியது. கொசோவோ தன் உற்பத்திக்கு மேல் எடுத்தது. அந்த வட்டாரத்தின் சமநிலையைக் காக்க வேண்டிய செர்பியா ஈடுகட்டவில்லை. சேர்ந்த பற்றாக்குறை 113 கிகாவாட் மணி. நம் மின்கட்டணக் கணக்கில் சொன்னால் 11 கோடியே 30 லட்சம் யூனிட்.

மலிவான மின்கடிகாரங்கள் பல குவார்ட்ஸ் படிகத்தை நம்புவதில்லை. பிளக்கில் வரும் மாறுதிசை மின்னோட்டம் எத்தனை சுற்று அடிக்கிறது என்று எண்ணுகின்றன. ஐம்பது சுற்று முடிந்தால் ஒரு விநாடி. அதுதான் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண். நம் வீடுகளுக்கு வருவதும் அதேதான். ஆறு நிமிடம் பின்தங்க வேண்டுமானால் 18,000 சுற்றுகள் குறைய வேண்டும். அதை ஏறக்குறைய ஐம்பது நாட்களுக்குப் பரப்பிப் பார்த்தால், சராசரி அதிர்வெண் ஐம்பதுக்குப் பதிலாக 49.996 ஆக இருந்திருக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஆனாலும் பால்கன் மூலையில் இரண்டு தரப்புக்கு நடுவே தீராத வழக்கு ஒன்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் கேக் வேகவைக்கும் அடுப்பின் கடிகாரத்தில் வந்து தெரிந்தது.

ஐரோப்பிய ஒற்றுமை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய உச்சிமாநாட்டு அறிக்கைகளைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ இந்த அதிர்வெண் எண்தான் நேர்மையான சாட்சியாகப் படுகிறது. அதற்கு ராஜதந்திர மொழி தெரியாது.

எப்படி இது சாத்தியம்? மின்நிலையத்தில் சுழலும் ஜெனரேட்டரின் உள்ளே பல டன் எடையுள்ள சுழலி இருக்கிறது. எரிவாயு, நிலக்கரி நிலையங்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று. பெரிய அணுமின் நிலையங்களில் 1,500. ஒரே கம்பி வலையில் இணைந்துவிட்டால் இந்தச் சுழலிகள் தன்னிச்சையாகச் சுழல முடியாது. ஒன்று முந்தப் பார்த்தால் மின்காந்த விசை பின்னுக்கு இழுக்கும். தயங்கினால் முன்னால் தள்ளும். போர்ச்சுகலில் ஒரு சுழலி, போலந்தில் ஒன்று, துருக்கியில் ஒன்று. மூன்றும் ஒரே வேகம். நடுவில் அச்சு கிடையாது, சங்கிலி கிடையாது. தேர் வடத்தைப் பிடித்த ஆயிரம் கைகளைப் போல, அவரவர் பலத்துக்கு ஏற்ப இழுக்கலாமே தவிர அவரவர் வேகத்துக்கு நடக்க முடியாது. நாற்பது கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு மின்சாரம் தரும் இந்த வலையை, மனிதர் செய்த மிகப் பெரிய இயந்திரங்களுள் ஒன்று என்று பொறியாளர்கள் சொல்வதில் மிகை இல்லை.

மின்சாரத்தை இந்த வலைக்குள் சேமித்துவைக்க இடமில்லை. எடுப்பதும் கொடுப்பதும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். எங்கோ ஒரு பெரிய நிலையம் திடீரென நின்றுபோனால், அந்தக் குறையை முதல் சில நொடிகளில் ஈடுகட்டுவது மற்ற சுழலிகளின் ஓட்டத்தில் பொதிந்திருக்கும் ஆற்றல்தான். அவை சற்றே வேகம் குறைகின்றன, அதிர்வெண் இறங்குகிறது. அந்த இறக்கமே செய்தி. யாரும் யாருக்கும் தொலைபேசியில் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென்று ஒதுக்கிவைத்த நிலையங்கள் இறக்கத்தை உணர்ந்து அரை நிமிடத்துக்குள் உற்பத்தியைக் கூட்டிவிடுகின்றன. இப்படி மொத்தம் 3,000 மெகாவாட் எப்போதும் தயாராக இருக்கும். மிகப் பெரிய இரண்டு அணு உலைகள் ஒரே நேரத்தில் நின்றாலும் சமாளிக்க வேண்டும் என்பது அந்த எண்ணின் கணக்கு. உலை நின்றது பிரான்சில் என்றாலும் பல்கேரியாவும் தன் பங்கைக் கொடுக்கும். இந்தப் பங்கீட்டில் விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, வீட்டோவும் இல்லை.

காகிதத்தில் நிலைமை வேறு. எந்த எரிபொருளில் மின்சாரம் செய்வது என்பது அந்தந்த நாட்டின் உரிமை என்று ஐரோப்பிய ஒன்றியச் செயல்பாட்டு ஒப்பந்தத்தின் 194ஆவது பிரிவு சொல்கிறது. பிரான்சின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணு உலைகளில் பிறக்கிறது. ஜெர்மனி தன் கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று மூடியது. போலந்து இன்னும் நிலக்கரியை நம்பியிருக்கிறது. ரஷ்யா மீதான பொருளாதாரத் தடைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 27 நாடுகளும் ஒருமனதாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஜனவரியில் ஹங்கேரி எரிவாயுப் பிரச்சினையைக் காட்டி முரண்டு பிடித்து, காலக்கெடுவுக்குச் சில நாட்கள் முன்புதான் இறங்கிவந்தது. எதை எரிப்பது என்பதில் ஒத்துப்போகாதவர்கள் எந்த வேகத்தில் சுழல்வது என்பதில் மட்டும் ஒத்துப்போக நேர்ந்தது எப்படி என்பது சுவையான கதை.

அந்தக் கதையில் அரசியல்வாதிகளுக்கு முன்பே பொறியாளர்கள் வந்துவிடுகிறார்கள். நிலக்கரி, எஃகுச் சமூகத்துக்கான பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தான 1951ஆம் ஆண்டிலேயே மேற்கு ஐரோப்பாவின் எட்டு நாட்டு மின்துறையினர் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். 1958இல் சுவிட்சர்லாந்தின் லாஃபென்பர்க் என்ற ரைன் நதிக்கரை ஊரில் பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றின் மின்தடங்களையும் ஒரே துணைமின்நிலையத்தில் இணைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து பதின்மூன்றே ஆண்டுகள். ஐரோப்பியப் பொதுச்சந்தை நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். இதில் வேடிக்கை, சுவிட்சர்லாந்து அன்றும் சரி இன்றும் சரி, ஒன்றியத்தின் உறுப்பினர் அல்ல. ஆனாலும் கண்டத்து மின்வலையின் தெற்குப் பாதியை ஒருங்கிணைக்கும் மையம் சுவிட்சர்லாந்தில்தான் இருக்கிறது. வடக்குப் பாதிக்கு ஜெர்மனியின் கொலோன் அருகே பிராவ்வைலர். கடிகாரம் எத்தனை நொடி பின்தங்கியது என்று கணக்கு வைப்பதும் சுவிஸ்காரர்கள்தான்.

ஒரே வலையில் இருப்பதன் விலையை 2006 நவம்பர் 4ஆம் தேதி இரவு காட்டியது. ஜெர்மனியின் பாப்பென்பர்க் கப்பல் கட்டும் தளத்திலிருந்து 'நார்வீஜியன் பெர்ல்' என்ற சொகுசுக் கப்பல் எம்ஸ் ஆற்றின் வழியே கடலுக்குப் போக வேண்டும். ஆற்றின் மேல் 380 கிலோவோல்ட் மின்தடம் ஒன்று குறுக்கே போகிறது. இவ்வளவு உயரமான கப்பல்கள் போகும்போது அதை அணைத்துவைப்பது வழக்கம். அன்று நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்குத் திட்டமிட்டிருந்த பயணத்தைக் கப்பல்தளம் மூன்று மணி நேரம் முன்னதாக வைக்கச் சொன்னது. மின்தட நிறுவனம் ஒப்புக்கொண்டது. அண்டை நிறுவனங்களுக்குச் செய்தி மிகத் தாமதமாகப் போனது. தடத்தை அணைத்ததும் மின்னோட்டம் வேறு தடங்களுக்குத் தாவியது. அவற்றுள் ஒன்றின் மறுமுனை பக்கத்து நிறுவனத்தின் கையில். அந்த முனையில் பாதுகாப்பு வரம்பு குறைவாக வைக்கப்பட்டிருந்தது இவர்களுக்குத் தெரியவில்லை. பளு ஏறுவதைக் கண்ட கட்டுப்பாட்டு அறையில், ஒரு துணைமின்நிலையத்தின் இணைப்பை மாற்றினால் பளு குறையும் என்று கணக்குப் போட்டார்கள். மாற்றியதும் பளு கூடியது. இரவு 10.10க்கு அந்தத் தடம் அறுந்தது. சில நொடிகளில் வடகடல் பக்கத்திலிருந்து தெற்குவரை வரிசையாக மற்றவையும் துண்டித்துக்கொண்டன.

ஐரோப்பா மூன்று மின்தீவுகளாகப் பிளந்தது. மேற்கே பற்றாக்குறை, அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ்வரை இறங்க, தானியங்கிச் சாதனங்கள் ஊர் ஊராக இணைப்பைத் துண்டித்தன. ஒன்றரைக் கோடி வீடுகள் இருண்டன. ஸ்பெயினில் இருட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு எம்ஸ் ஆற்றைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்! முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று தீவுகளையும் மறுபடி ஒட்டிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஒட்டியவர்கள் ஒருவருக்கொருவர் நிலைமை முழுதும் தெரியாமலேதான் ஒட்டினார்கள். அதன்பின்தான் எல்லை தாண்டிய கண்காணிப்பு மையங்கள் பிறந்தன. அந்த ஒருங்கிணைப்பை 2017இல் ஒன்றியம் சட்டமாகவே ஆக்கியது.

அந்தப் பாடம் வீணாகவில்லை. குரோஷியாவில் எர்னெஸ்தினோவோ என்றொரு துணைமின்நிலையம். 1991 யுகோஸ்லாவியப் போரில் அது அழிக்கப்பட்டபோது தென்கிழக்கு ஐரோப்பாவின் மின்வலை மற்ற கண்டத்திலிருந்து அறுந்துபோனது. திரும்ப ஒட்ட 2004 அக்டோபர்வரை ஆனது. அதே நிலையத்தில் 2021 ஜனவரி 8 அன்று ஒரு இணைப்புச் சாதனம் பளு தாங்காமல் விடுபட, ஐரோப்பா மறுபடி இரண்டாகப் பிளந்தது. இம்முறை முன்பே ஒப்பந்தம் போட்டிருந்த பிரெஞ்சு, இத்தாலியத் தொழிற்சாலைகள் தாமாகவே 1,700 மெகாவாட்டை விட்டுக்கொடுத்தன. ஒரு மணி நேரத்தில் இணைந்தது. பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் எதுவும் தெரியாது.

இனி பால்டிக் நாடுகள். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேர்ந்தன. கொடி மாறியது, படை மாறியது, பிற்பாடு நாணயமும் மாறியது. மின்சாரம் மட்டும் சோவியத் காலத்து வலையிலேயே இருந்தது. பெலாரஸ், ரஷ்யா, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய ஐந்தையும் வளையமாக இணைத்த அமைப்புக்கு, 2001இல் போட்ட ஒப்பந்தத்தின்படி, அதிர்வெண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலை மாஸ்கோவுடையது. 2022 மே மாதத்தில் இம்மூன்று நாடுகளும் ரஷ்ய மின்சாரம் வாங்குவதை அடியோடு நிறுத்தின. ஒரு யூனிட்கூட வாங்கவில்லை. ஆனாலும் எஸ்டோனியாவின் தாலின் நகரத்து அடுப்புக் கடிகாரம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அதன்பிறகும் மூன்றாண்டுக்குக் கிட்டத்தட்ட மாஸ்கோதான் தீர்மானித்தது. வலையில் இருப்பதும் வாங்குவதும் வேறுவேறு என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

இதில் ஆபத்து என்ன? மாஸ்கோ ஒரு நாள் திடீரெனப் பொத்தானை அமுக்கிவிட்டால், மூன்று சிறிய நாடுகளும் தம் அதிர்வெண்ணைத் தாமே தாங்க வேண்டியிருக்கும். அதற்கான கனத்த சுழலிகள் அவர்களிடம் குறைவு. லிதுவேனியாவின் இக்னலினா அணுமின் நிலையம் செர்னோபில் வகையைச் சேர்ந்தது என்பதால் அதை மூட வேண்டும் என்று ஒன்றியமே நிபந்தனை விதித்தது. 2009 டிசம்பர் 31 அன்று அது நின்றது. பாதுகாப்புக்காக மூடியது சரிதான். ஆனால் அதோடு நாட்டின் மிகப் பெரிய சுழலும் எடையும் போய்விட்டது. கொள்கை முடிவுகள் ஒன்றையொன்று இப்படிக் காலை வாரிவிடும்.

மேற்கோடு சேர விரும்புவதாக மூன்று பிரதமர்களும் 2007இலேயே அறிவித்தார்கள். சேர்ந்தது 2025இல். இடையில் பதினெட்டு ஆண்டுகள் என்ன செய்தார்கள் என்று கேட்பது நியாயம். முதலில், போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவே உயர் அழுத்தத் தடமே கிடையாது, 2015இல்தான் வந்தது. பின்லாந்து வழியாக நார்டிக் வலையில் சேர்வதா, போலந்து வழியாகக் கண்டத்து வலையில் சேர்வதா என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு. லிதுவேனியத் தலைநகர் வில்னியஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் பெலாரஸ் ஒரு ரஷ்ய அணுமின் நிலையத்தைக் கட்டி 2020இல் இயக்கியபோது, அந்த மின்சாரத்தைத் தொடவே கூடாது என்றது லிதுவேனியா. அண்டை நாடுகள் அவ்வளவு கறாராக இல்லை. 2018 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத்தின் அன்றைய தலைவர் ஜான் குளோட் யுங்கர் முன்னிலையில் பாதை முடிவாயிற்று: போலந்து வழி, 2025க்குள். உக்ரைன் போர் வந்தபின் லிதுவேனியா 2024 தொடக்கத்திலேயே பிரிந்துவிடலாம் என்றது. எஸ்டோனியா, கருவிகள் தயாராகவில்லை, 2025 இறுதிதான் சரி என்றது. 2023 ஆகஸ்டில் இரண்டுக்கும் நடுவே வெட்டி 2025 பிப்ரவரி என்று கையெழுத்திட்டார்கள். இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் எஸ்டோனியா சொன்னதில் பொறியியல் நியாயம் இருந்தது.

ஏனென்றால் அந்தக் கருவிகள்தான் இந்தத் திட்டத்தின் அதிசயம். ஒத்தியங்கு மின்தேக்கி என்று தமிழில் சொல்லலாம். பெயர் மிரட்டினாலும் விஷயம் எளிது. எரிபொருள் இல்லாத ஜெனரேட்டர் அது. பல டன் எடையுள்ள சுழலி, வலையிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். யாருக்கும் மின்சாரம் தராது. ஆனால் அதிர்வெண் திடீரென இறங்கினால், தன் சுழற்சியில் பொதிந்த ஆற்றலை நொடிப்பொழுதில் வலைக்குள் தள்ளும், மின்னழுத்தத்தையும் தாங்கிப்பிடிக்கும். நாட்டுக்கு மூன்று வீதம் ஒன்பது இடங்களில் நிறுவினார்கள். எஸ்டோனியாவில் பூஸ்ஸி, கீஸா, விரு ஆகியவை அவற்றுள் மூன்று. காற்றாலையும் சூரியத் தகடும் பெருகப் பெருக, வலையில் கனமாகச் சுழலும் பொருள் குறைந்துகொண்டே போகிறது. அதை ஈடுகட்ட இப்படி வெறும் எடையையே விலைக்கு வாங்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. மொத்தத் திட்டச் செலவு 160 கோடி யூரோ. அதில் முக்கால் பங்கு, 120 கோடிக்கும் மேல், ஒன்றியத்தின் பொது நிதி. லிஸ்பனில் வரி கட்டுபவரின் பணமும் பூஸ்ஸியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையின் நடுவே இன்னொரு கதை முந்திக்கொண்டது. உக்ரைனும் மால்டோவாவும் ரஷ்ய வலையிலிருந்து விலகி ஐரோப்பாவோடு சேர 2023இல் நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் ஒரு தேர்வு: கடும் குளிர்காலத்தில் சில நாட்கள் யாரோடும் சேராமல் தனியாக நின்று காட்ட வேண்டும். தேர்வுக்குக் குறித்த தேதி 2022 பிப்ரவரி 24. நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் ரஷ்யா, பெலாரஸ் இணைப்புகளைத் துண்டித்தார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்ப இணைவதாகத் திட்டம். சில மணி நேரத்தில் ஏவுகணைகள் வந்தன. திரும்பப் போக வழியில்லை; முன்னால் போகவும் இன்னும் ஓராண்டு வேலை பாக்கி. போர் நடந்துகொண்டிருக்க, பெரிய அணுமின் நிலையமான சப்பரீசியா எதிரியின் கைக்குப் போக, அந்த வலை மூன்று வாரம் தன்னந்தனியாக நின்றது. மார்ச் 16 அன்று ஐரோப்பா அதைச் சேர்த்துக்கொண்டது. ஓராண்டு வேலை மூன்று வாரத்தில் முடிந்ததற்குப் பொறியாளர்கள் முன்பே செய்துவைத்திருந்த ஆய்வுகள் ஒரு காரணம். அவசரத்தில் அரசியல் தடைகள் கரைந்தது மற்றொன்று. இணைந்தபின் நான்கு மாதத்துக்குள் உக்ரைன் மின்சாரத்தை ருமேனியாவுக்கு விற்கத் தொடங்கியது. அக்டோபரில் ரஷ்யா மின்நிலையங்களைக் குறிவைத்துத் தாக்க ஆரம்பித்தபின் அதே கம்பிகளில் ஓட்டம் திரும்பியது.

பால்டிக் நாடுகளுக்கும் சும்மா விடுதலை கிடைக்கவில்லை. பிரியும் நாளுக்கு ஆறு வாரமே இருந்தபோது, 2024 கிறிஸ்துமஸ் அன்று, பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையே கடலடியில் கிடக்கும் எஸ்ட்லிங்க் 2 கேபிள் அறுந்தது. குக் தீவுகளின் கொடி பறக்க ரஷ்யத் துறைமுகத்திலிருந்து வந்த 'ஈகிள் எஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போய் அறுத்ததாகப் பின்லாந்து குற்றம் சாட்டியது. அதிகாரிகள் கப்பலில் ஏறிப் பிடித்தார்கள். 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம், இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று தள்ளிவிட்டது. கேபிள் அறுந்ததும் இரு நாட்டுக்கும் இடையிலான கடத்துதிறன் 1,016 மெகாவாட்டிலிருந்து 358 ஆகக் குறைந்தது. அறுந்த மூன்று வாரத்துக்குள் நேட்டோ பால்டிக் கடலில் ரோந்துப் பணியைத் தொடங்கியது. மின்கம்பியைக் காக்கப் போர்க்கப்பல்.

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை காலை. லிதுவேனியாவும் லாட்வியாவும் எஸ்டோனியாவும் ரஷ்ய, பெலாரஸ் தடங்களை ஒவ்வொன்றாகத் துண்டித்தன. லாட்வியாவில் ஒரு தடத்தின் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, கூடியிருந்தவர்களுக்கு நினைவுப்பொருளாகக் கொடுத்தார்கள். வில்னியஸ் நகர மையத்தில் ஒன்பது மீட்டர் உயரக் கடிகாரம் ஒன்று நொடிகளை எண்ணியது. அன்று முழுக்கவும் மறுநாள் பிற்பகல்வரையும் மூன்று நாடுகளும் தம் அதிர்வெண்ணைத் தாமே பிடித்துக்கொண்டு நின்றன. அப்படி நிற்க முடியும் என்று காட்டுவதும் சேர்க்கைக்கான தேர்வுகளுள் ஒன்றுதான்.

சேரும் தருணம்தான் நுட்பமானது. இரு வலைகளிலும் மின்னழுத்தம் சமமாக இருக்க வேண்டும். அதிர்வெண் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அதோடு இருபுற அலைகளும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொட வேண்டும். வேகம் ஒன்றாக இருந்து அலை மட்டும் எதிரெதிராக நின்றால், இணைக்கும் நொடியில் பாயும் மின்னோட்டம் மின்மாற்றிகளையும் ஜெனரேட்டர் தண்டுகளையும் முறுக்கி நாசமாக்கிவிடும். அதனால் சற்றே வேறுபட்ட வேகத்தில் இரண்டையும் ஓடவிட்டு, ஒன்று மற்றதை மெல்லப் பிடித்துவரும் கணத்துக்காகக் கருவி காத்திருக்கும். ஞாயிறு பிற்பகல் 2.05க்கு அந்தக் கணம் வந்தது. போலந்து எல்லையிலிருந்து வரும் தடம் இணைந்தது. ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லெயன் உட்படத் தலைவர்கள் வில்னியஸில் பேசினார்கள். வீடுகளில் எந்த விளக்கும் மினுங்கவில்லை. மறுபுறம், போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவே சிக்கியிருக்கும் ரஷ்யாவின் கலினின்கிராட் மாவட்டம் அன்றிலிருந்து மின்தீவு. ரஷ்யா இதை எதிர்பார்த்து அங்கே புதிய மின்நிலையங்களைக் கட்டித் தனித்து ஓடும் ஒத்திகையும் முன்பே பார்த்திருந்தது.

இதோடு எல்லாம் சுபம் என்று முடித்துவிட ஆசைதான். ஆனால் பாதுகாப்பு என்றால் கம்பி இழுக்கச் சம்மதிப்பவர்கள், விலை என்று வந்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நார்வேயைப் பாருங்கள். அருவி மின்சாரம் நிறைந்த நாடு. ஒன்றியத்தில் இல்லை, ஆனால் சந்தையில் உண்டு. 2024 டிசம்பரில் ஜெர்மனியில் காற்றும் வெயிலும் ஒருசேரப் படுத்துக்கொள்ள, அங்கே எகிறிய விலை கடலடிக் கேபிள்கள் வழியே தெற்கு நார்வேக்கும் ஏறிவந்தது. அணு உலைகளை மூடிய ஜெர்மனியைச் சுவீடனின் எரிசக்தி அமைச்சர் எப்பா பூஷ் வெளிப்படையாகவே குறைசொன்னார். 2025 ஜனவரி இறுதியில் ஒன்றியத்தின் எரிசக்தி விதிகளை ஏற்பதா என்ற சண்டையில் நார்வேயின் கூட்டணி அரசே உடைந்தது. பால்டிக் நாடுகள் சேர்ந்ததற்குப் பத்து நாள் முன்பு இது. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை: தன் மலையில் விழும் தண்ணீருக்கு வேறொருவர் வானிலையின் விலையைக் கொடுப்பானேன் என்று ஒரு குடும்பத்தலைவி கேட்டால் எந்தப் பொருளாதார நிபுணரும் தடுமாறுவார். வறண்ட ஆண்டுகளில் அதே கேபிள்களில் மின்சாரம் உள்ளே வருவது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பிரனீஸ் மலை. அதைத் தாண்ட ஒரு தடம் போட உள்ளூர் எதிர்ப்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் இடம் தரவில்லை. கடைசியில் 2007இல் ஒன்றியம் இத்தாலியப் பொருளாதார அறிஞர் மாரியோ மான்டியை நடுவராக அனுப்பியது. கம்பியைக் கோபுரத்தில் தொங்கவிடாமல் முழுக்க நிலத்தடியில் புதைப்பது என்று சமரசம் செய்தார். மலையைக் குடைந்து எட்டரை கிலோமீட்டர் சுரங்கம் உட்பட 64.5 கிலோமீட்டர், செலவு 70 கோடி யூரோ. 2015இல் அது திறந்தபோது கடத்துதிறன் 2,800 மெகாவாட்டாக இரட்டித்தது. அப்போதும் ஸ்பெயினின் அளவுக்கு அது சிறு வாய்க்கால்தான். பிரான்சின் தயக்கத்துக்கு மலை அழகு மட்டுமே காரணமா, மலிவான ஸ்பானிய வெயில் மின்சாரம் தன் அணுமின் சந்தைக்குள் வந்துவிடும் என்ற கவலையும் உண்டா என்று ஸ்பெயினில் கேட்டால் உடனே பதில் கிடைக்கும்.

2025 ஏப்ரல் 28, பகல் 12.33. ஸ்பெயினில் மின்னழுத்தம் கட்டுமீறி ஏற, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம்மைத் துண்டித்துக்கொண்டன. ஐந்து நொடியில் 15,000 மெகாவாட் மறைந்தது. பிரான்சுத் தடம் இழுத்துப் பார்த்து, தாங்காமல் விடுபட்டது. ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டின் பெருநிலப்பரப்பும் முழுவதும் இருண்டன. மாட்ரிட்டில் மெட்ரோ சுரங்கங்களுக்குள் ரயில்கள் நின்றன, போக்குவரத்து விளக்குகள் அணைந்தன. மெல்லிய இணைப்பு இங்கே இரண்டு வேலையும் செய்தது. உதவி போதுமான அளவு வரவில்லை. அதேசமயம் நோய் பிரான்சுக்குள் பரவவும் இல்லை. இரண்டில் எதைப் பார்ப்பது என்பதைப் பொறுத்து, 'இன்னும் கம்பி வேண்டும்' என்பவர்களும் 'நல்லவேளை இவ்வளவுதான் இருந்தது' என்பவர்களும் ஒரே நிகழ்ச்சியைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். இருண்ட நாட்டை எழுப்ப உதவியது இரண்டு திசையிலிருந்து வந்த மின்சாரம்: வடக்கே பிரான்ஸ், தெற்கே ஜிப்ரால்டர் நீரிணைக்கு அடியில் கிடக்கும் கேபிள் வழியே மொராக்கோ. ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் உற்பத்தித் திறனில் 15 விழுக்காட்டை அண்டையோடு பரிமாறும் அளவுக்கு 2030க்குள் தடம் வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றியத்தின் இலக்கு. அதை நோக்கிப் பிஸ்கே விரிகுடாவின் அடியில் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இன்னொரு 2,000 மெகாவாட் கேபிள் போடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. 2028இல் முடியும் என்கிறார்கள்.